கம்பம் பிடித்தவனின் பல்லவர் காலம்

பன்னீர்செல்வத்தைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். சுருட்டை முடி, வெட்டி விட்ட மீசை, எந்த நேரமும் ஒரு சிரிப்பு. என் மனைவி அம்சாவுக்குத் தாய்மாமன் மகன். அவளை முதலில் பெண் கேட்டதே அவன் வீட்டில்தான். ஜாதகம் ஒத்துவரவில்லை என்று விட்டார்கள், எனக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஆறு வருஷமாக என்னை வாய் நிறைய 'அண்ணாத்த' என்று கூப்பிடுகிறான். எனக்கு அதுவும் பிடிக்காது.

என் பெயர் தாமோதரன். கியாசுதீன் பாயின் ரேடியோ கடையில் வேலை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் கட்டுவேன். மெட்ராஸில் டி.வி. நிலையம் திறந்த பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. செங்கல்பட்டில் டி.வி. வாங்கிய ஏழெட்டு வீடுகளுக்கும் ஆன்டெனாக் கம்பம் நட்டவன் நான்தான். எல்லா வீட்டுக் கம்பமும் சொன்ன சொல் கேட்டு நிற்கும். பாய் வீட்டுக் கம்பம் மட்டும் ஆடும். அடியில் பிடித்திருந்த கிளாம்ப் துருப்பிடித்து லூசாகிவிட்டது. மாற்றலாம் பாய் என்றால், "அடுத்த வாரம் பாக்கலாம் தாமு" என்பார். சாயங்காலம் கடல் காற்று கிளம்பியதும் ஆன்டெனா தானாகத் திரும்பி மெட்ராஸுக்கு முதுகைக் காட்டும். கீழே படம் புள்ளி புள்ளியாகப் போய்விடும். அதனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் நான் பாய் வீட்டு மொட்டை மாடியில் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

செவ்வாய்க்கிழமை ஏன் என்றால் அன்றைக்குத்தான் 'கால ஏணி' வரும்.

எழுபத்தேழில் அந்த நாடகத்தைப் பார்க்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை, என்னைத் தவிர. ஒரு புரொபசர் அலுமினிய ஏணி ஒன்று வைத்திருப்பார். அதில் மேலே ஏறினால் வருங்காலம் வரும். கீழே இறங்கினால் கடந்தகாலம். ஒவ்வொரு வாரமும் ஒரு காலத்துக்குப் போய், அங்கே ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டு, உயிர் தப்பித் திரும்பி வருவார். பாய் வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து பார்ப்பார்கள். மாடிப்படிக் கதவோரம் நின்று பாய் எனக்குக் குரல் கொடுப்பார். "வருது... வருது... அங்கயே நில்லு! போச்சு. சோத்தாங்கை பக்கம் திருப்பு. ஆங்!" நான் அறிந்த கால ஏணி இதுதான்.

காலங்களை எனக்குக் காதால்தான் தெரியும். தட்டு முட்டுச் சத்தமும் சலாமும் கேட்டால் ஆற்காட்டு நவாப் காலம். பீப் பீப் என்றால் வருங்காலம். கிபி இரண்டாயிரத்துக்குப் போன வாரம் புரொபசர் உரக்கச் சொன்னது மேலே வரைக்கும் கேட்டது. அந்தக் காலத்தில் டி.வி.க்கு மாடியில் கம்பமே வேண்டாமாம். கீழே நாற்பது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். யாரோ, "அப்போ தாமுவ இன்னா பண்றது?" என்றதற்கு இன்னொரு சிரிப்பு. காற்றில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னும் இருபத்துமூன்று வருஷம் கழித்து வரப்போகிறவர்கள் மேலெல்லாம் அன்றைக்கு நான் பொறாமைப்பட்டேன்.

நாடகம் முடிந்ததும் எந்தக் காலம் ஒசத்தி என்று சண்டை நடக்கும். பாய்க்கு நவாப் காலம். "அந்தத் தஸ்தர்கான பாத்தியா, சாப்பாட்டு விரிப்பே எவ்ளோ நீளம், அந்த மரியாதைய பாத்தியா" என்று உருகுவார். அவர் மனைவி அக்தர் பேகத்துக்கு கிபி இரண்டாயிரம். அதில் பட்டனைத் தட்டினால் சாம்பார் கொதிக்கிறதாம். "நவாபு காலத்துல நீ தின்னுகினு இருப்ப, நான் அடுப்பாண்ட வெந்துகினு இருக்கணுமா?" என்று பாயை மடக்குவார். அம்சாவுக்கு, செங்கல்பட்டுக்கு முதல் ரயில் வந்த காலம். ஜனங்கள் எஞ்சினுக்குத் தேங்காய் உடைத்ததை நினைத்து நினைத்துச் சிரிப்பாள்.

எனக்கு எந்தக் காலம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எட்டேகால் மணி என்று சொல்லியிருப்பேன். நாடகம் முடிந்து, நானும் அம்சாவும் ரயில்வே கேட் தாண்டி ஏரிக்கரை ஓரமாக வீட்டுக்கு நடக்கிற நேரம் அது. அன்றைய கதை முழுவதையும் அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே வருவாள். ராஜா பேசுவதைப் போலப் பேசுவாள், ரயிலைப் போலக் கூவுவாள். நேரில் பார்த்திருந்தால்கூட அவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

ஐப்பசி பிறந்த சமயம் மெட்ராஸிலிருந்து நாடகக்காரர்கள் மாமல்லபுரத்துக்கு வந்தார்கள். பல்லவர் காலத்துக்குப் போகும் வாரத்தை அங்கேதான் எடுக்கப் போகிறார்களாம். கோயில் பக்கம் போகாமல், தெற்கே சவுக்குத் தோப்பை ஒட்டியிருந்த பாறையில் ஜாகை போட்டார்கள். கூட்டத்தை அடக்க ஒரு மைக் செட் வேண்டும் என்று பாயிடம் ஆள் வர, நான் குழாய் ஸ்பீக்கரோடு போய் இறங்கினேன். எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தான் பன்னீர்செல்வம். பஸ்ஸில் வந்த டைரக்டரின் உதவியாளரிடம் டிக்கெட் கிழிக்கும்போதே சிநேகம் பிடித்துவிட்டானாம்.

அவனுக்கு வேல் பிடித்த காவலன் வேஷம் கொடுத்தார்கள். ராஜா பக்கத்தில் நிற்க வேண்டும். அதோடு ஒரு வசனம் வேறு. "மன்னா, கடல் பொங்குகிறது!" மார்பில் கவசம், தோளில் துணி, கையில் வேல். நிஜமாகவே பல்லவன் மாதிரி இருந்தான். திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்த நாலு பேர் முரசு கொட்ட, ராஜாவும் மந்திரியும் வந்து உட்கார, இவன் ஒரு அடி முன்னே வந்து வசனத்தைச் சொன்னான். சொன்ன கையோடு வேஷத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நாலு மணி வண்டிக்கு டியூட்டிக்கு ஓடிவிட்டான். என் நெஞ்சில் முரசுச் சத்தம் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் நடந்தது பன்னீருக்குத் தெரியாது. ஏன், செங்கல்பட்டில் யாருக்குமே தெரியாது.

புரொபசர் ஒரு சிற்பியைப் பார்ப்பதாக ஒரு காட்சி. அதற்கு உள்ளூர்ச் சிற்பி ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். உளியைச் சாய்த்துப் பிடித்தால்தான் படத்தில் அழகாகத் தெரியும் என்றார் டைரக்டர். "அப்டிப் புடிச்சா கை பூடும்" என்றார் சிற்பி. "சும்மா நடிக்கத்தானே" என்றார் இவர். "கல்லாண்ட உக்காந்துகினு சும்மா நடிக்கிற வேலையெல்லாம் நமக்கு வராது" என்று சொல்லிவிட்டு, சிற்பி உளியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு திரும்பியபோது, ஸ்பீக்கர் கட்டிய முளையை அடித்துப் பிடுங்கிக்கொண்டு சுத்தியலோடு நின்றிருந்தேன் நான்.

"நீ வாய்யா" என்றார்.

கொண்டை வைத்தார்கள். தாடி ஒட்டினார்கள். உடம்பெல்லாம் கல்தூளைப் பூசினார்கள். எனக்கு வசனம் கிடையாது. கல்லைக் கொத்திக்கொண்டிருக்க வேண்டும். புரொபசரின் நிழல் விழுந்ததும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு தடவை சிரித்தேன், சரியில்லை என்றார்கள். உதவியாளர் கிட்டே வந்து, "உனக்குப் பிடிச்சவங்க யாரையாவது நெனச்சுக்கய்யா" என்றார். அம்சா ரயில் மாதிரிக் கூவுவதை நினைத்துக்கொண்டேன். "அதான்! அதான்!" என்று டைரக்டர் கத்தினார். காமிராவை என் மூக்குக்கு எதிரே கொண்டுவந்து இன்னொரு தடவையும் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்சாவிடம் மூச்சுவிடவில்லை. எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மூன்று வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை, நாற்பது பேருக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருக்கும்போது, நான் டி.வி. பெட்டியில் தலையைத் தூக்கிச் சிரிப்பேன். கொண்டையென்ன, தாடியென்ன, அம்சாவுக்கு என் கண் தெரியும். "ஐயோ, எங்க வூட்டுக்காரரு!" என்று கூவுவாள். நான் பார்க்காவிட்டால் போகிறது. மாடியில் நின்றபடி அந்தக் கூவலை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் எனக்கு.

பன்னீர் அப்படியெல்லாம் அடக்கிவைக்கிற ஆள் இல்லை. அந்த மூன்று வாரமும் அவன் பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லோரும் டிக்கெட்டோடு பல்லவர் காலத்தையும் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். ரைட் கொடுப்பதற்குப் பதில், "மன்னா, கடல் பொங்குகிறது!" என்றுதான் குரல் கொடுப்பானாம். எங்கள் வீட்டுக்கும் வந்து நடித்துக் காட்டினான். துடைப்பம்தான் வேல். அம்சா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னாதான் சொல்லு, பல்லவர் காலம் மாரி வராது" என்றாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தேங்காய் உடைத்த ரயில் காலம் எங்கே போயிற்று? ஒரு துடைப்பத்தைத் தூக்கி நின்றால் காலமே மாறிவிடுமா? ராத்திரி படுத்த பிறகும், அவளுக்கு இவனைக் கட்டிவைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று பட்டது. அது இன்னும் எரிந்தது.

அந்தச் செவ்வாய் வந்தது. பாய் வீட்டுக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பன்னீர் டியூட்டியை மாற்றிக்கொண்டு, தேய்த்த சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் டிப்போ ஆட்கள் ஒரு டஜன் பேர் வந்திருந்தார்கள். அக்தர் பேகம் எல்லோருக்கும் ரோஸ் மில்க் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மேலே ஏறும்போது பன்னீர் எழுந்து வந்தான்.

"அண்ணாத்த, இன்னைக்கு நீயும் கீழ உக்காந்து பாக்கணும். நான் வர்ற சீன் முடிஞ்சதும் நான் மேல போய்ப் புடிச்சிக்கிறேன். நீ மிச்சத்தப் பாரு."

"நீ புடிச்சா நிக்காது" என்றேன். அவன் பெருந்தன்மை எனக்கு மிளகாய் அரைத்துப் பூசியது போல இருந்தது.

ஏழரைக்கு ஏணிப் பாட்டு ஆரம்பித்தது. காற்று பலமாக இருந்தது. கம்பத்தை நெஞ்சோடு அணைத்து நின்றேன். "வருது... கண்ணாடி மாரி கீது! அப்டியே நில்லு!" என்றார் பாய். புரொபசர் ஏதோ பேசினார், காற்றில் சரியாகக் கேட்கவில்லை. எடுத்த வரிசையிலேயே வரும் என்றுதான் நினைத்திருந்தேன். முதலில் ராஜா, முரசு, பன்னீர். கடைசியில், பொழுது சாயும்போது நான். மைக் செட்காரன் வேறு எப்படி நினைப்பான்? முரசு எங்கே அடித்தார்களோ அங்கேதானே கேட்கும்.

முரசு கேட்டது.

அதோடு கீழேயிருந்து அம்சாவின் குரலும் கேட்டது. "ஐயோ, வரப்போறான், வரப்போறான்! அல்லாரும் சும்மா இருங்க!" அவள் குரலில் அவ்வளவு ஆசையை நான் கேட்டதே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கம்பத்தைத் திருப்ப வேண்டும் என்று நான் முன்கூட்டித் திட்டம் போடவில்லை. என் கைதான் திருப்பியது. சரியாகச் சொன்னால், நான் கையைத் தடுக்கவில்லை.

"போச்சு! போச்சு! தாமு, இன்னா ஆச்சு?" பாய் கத்தினார். கீழே ஒரே கூச்சல். "காத்து பாய்!" என்று கத்தினேன். "சோத்தாங்கை பக்கம்! ஐய, பீச்சாங்கை பக்கம்!" அவர் சொன்ன பக்கத்துக்கெல்லாம் எதிர்ப்பக்கம் திருப்பினேன். மனசுக்குள் நூறு வரை எண்ணினேன். பன்னீர் ஒரு அடி முன்னே வந்து, வசனத்தைச் சொல்லி, பின்னே போக நூறு போதும். பிறகு மெட்ராஸைப் பார்த்து நேராக நிறுத்தினேன்.

"வந்துடுச்சு!"

ராஜாவின் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. நான் கம்பத்தை விட்டு நகரவில்லை. காற்று ஓய்ந்ததா, நான்தான் அப்படிப் பிடித்திருந்தேனா தெரியாது, ஆன்டெனா ஒரு இம்மி அசையவில்லை. இப்போது நான் வருவேன். இதோ அவள் கூவப் போகிறாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். புரொபசர் பேசினார், கடல் இரைந்தது, யாரோ ஓடினார்கள். அப்புறம் ஏணிப் பாட்டு வந்து நாடகம் முடிந்துவிட்டது.

என்னை வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். கூடத்தில் டிப்போ ஆட்கள் பன்னீரைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அவன் முகம் செத்துக்கிடந்தது.

"என்னையே காணோம் அண்ணாத்த" என்றான். "ராஜா பக்கத்துல வேலு மட்டும் தெரிஞ்சிது. என் கையி. அவ்ளோதான். வசனத்த அந்த மந்திரியே சொல்லிட்டான்."

"படம் போச்சே, அப்ப நீ வந்திருப்ப" என்றேன்.

"இல்ல. படம் திரும்பி வந்த அப்பறந்தான் ராஜாவே வந்தாரு. மொத்தத்தையும் பாத்துட்டேன்." டிப்போவில் ஒருத்தன், "மன்னா, கை பொங்குகிறது!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வாரமாக நான் வேண்டிக்கொண்ட சிரிப்பு அது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராஜா பிறகுதான் வந்தார் என்றால், நான் திருப்பியபோது வந்த முரசு யாருக்கு?

அதை எனக்கு அம்சா சொன்னாள். ரயில்வே கேட் தாண்டி ஏரிக்கரை ஓரமாக நடக்கும்போது, வழக்கம்போல.

"பாவம் பன்னீரு. அத்த வுடு. நீ ஒன்ன பாக்காம பூட்ட. புரொபசரு எறங்கி வர்றாரா, அங்க ஒரு சிற்பி உக்காந்துகினு கல்ல கொத்திகினு கீறான். எங்கியோ தூரத்துல மொரசு அடிக்கிது. பன்னீருதான் வரப்போறான்னு நான் கத்திகினு இருக்கேன். அந்த சிற்பி தலைய தூக்குறான். பெட்டி ரொம்ப அவன் மூஞ்சிதான்! தூக்கி, சிரிக்கறதுக்கு ஆரம்பிக்கிறான், அவ்ளோதான், புள்ளி புள்ளியா பூட்ச்சி. நாசமாப் போன காத்து."

நான் நின்றுவிட்டேன். முரசுச் சத்தத்தை மட்டும் எடுத்து என் காட்சிமேல் ஒட்டியிருக்கிறார்கள். ராஜா வருமுன்னே, தூரத்திலே. அப்படிச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது. இது ஒரே தடவை வருகிற நாடகம். மறுபடி போட மாட்டார்கள்.

"இன்னாய்யா நின்னுட்ட?"

"அவன் எப்படி இருந்தான்?" என்றேன்.

"யாரு, அந்த சிற்பியா?" அம்சா மறுபடி நடக்க ஆரம்பித்தாள். "கண்ணு உன் கண்ணு மாரியே இருந்திச்சு. ஆனா உன்னாட்டம் உர்ருன்னு இல்ல. யாரோ அவனுக்கு ரொம்பப் புடிச்சவங்கள நெனச்சிகினு சிரிக்க வந்த மாரி இருந்திச்சுய்யா. யாரா இருக்கும்னு அப்பலேர்ந்து யோசிச்சிகினே கீறேன்."

அதற்கு மேல் என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அம்சா, அது நான்தாம்மே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரயில்வே விளக்கு வெளிச்சத்தில் என் முகத்தை நன்றாகத்தான் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துச் சிரிக்க முயன்றேன். வரவில்லை. உதடு மட்டும் கோணிற்று. எப்படி வரும்? கம்பத்தைத் திருப்பியது இந்தக் கைதானே.

அம்சா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடப் பாவி மனுசா! பன்னீரு பட்டது போதாதா? நீயும் கெளம்பிட்டியா?" சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவம்மேல உனக்கு இருக்கற பொறாம எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? இப்ப அந்த சிற்பி மேலயுமா?"

அவள் சொன்னது சரிதான். அந்த நிமிஷம் பன்னீர்மேல் எனக்கு ஒரு துளி எரிச்சல்கூட இல்லை. அந்தச் சிற்பியின் கழுத்தைத்தான் நெரிக்க வேண்டும் போலிருந்தது.

வீடு வரைக்கும் அவள் அவனைப் பற்றியே பேசினாள். கதவைத் திறக்கும்போது சாவியைப் பூட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த செவ்வா கம்பத்த கெட்டியா புடிச்சிக்கய்யா. ஒருவேள அந்தாளு மறுபடி வந்தாலும் வருவான்."

"புடிக்கிறேன்" என்றேன்.